6 சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு, கர்ப்பப்பையை எடுத்தே ஆகணுமா?

தாமிரபரணி_செல்வி | திங்கள், இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது, அம்பாசமுத்திரம் பக்கம். இரண்டு பிள்ளைகள், மூத்தவள் பிளஸ் டூ. வீட்டிலேயே தையல் தைக்கிறேன்.

ஒன்றரை வருடமாக மாதவிலக்கு வந்தால் எட்டு ஒன்பது நாளுக்கு நிற்பதில்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது. கட்டி கட்டியாகப் போகிறது. ஸ்கூட்டரில் போனால் பழைய துண்டை நாலாக மடித்து சீட்டில் போட்டுத்தான் உட்காருகிறேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

போன வாரம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தோம். கர்ப்பப்பையில் 6.1 x 5.4 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டி என்று ரிப்போர்ட். ஹீமோகுளோபின் 7.4. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "ரெண்டு பிள்ளை இருக்கே, இனி எதுக்கும்மா அது? எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டார். மொத்தமே ஐந்து நிமிடம்தான். அடுத்த வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள்.

மாமியாரும் நாத்தனாரும் எடுத்துவிடு, தொல்லை விட்டது என்கிறார்கள். என் அம்மா, எடுத்தால் இடுப்பு விட்டுப்போகும், அப்புறம் மிஷின் மிதிக்கவே முடியாது என்று அழுகிறார். மாத்திரையில் கரையாதா? வேறு வழியே இல்லையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொங்கு_மலர் | திங்கள், இரவு 10:25

தங்கச்சி, எனக்கு 46 வயதில் எடுத்தார்கள். ஆறு வருடம் ஆகிறது. கர்ப்பப்பை ஐந்து மாதக் கர்ப்பம் அளவுக்குப் பெரிதாகி இருந்தது, உள்ளே ஏழு கட்டி. மூத்திரப்பையை அழுத்தியதால் ஈரோட்டிலிருந்து சேலம் வரை பஸ்ஸில் போகவே பயம். வயிற்றைப் பார்த்து ஊரில் "விசேஷமா?" என்று கேட்டவர்கள் உண்டு.

எடுத்ததற்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. முதல் ஆறு வாரம் குனியாமல், குடம் தூக்காமல் ஒழுங்காக ஓய்வெடுத்தேன். அப்புறம் தறிப்பட்டறையில் பழையபடி நிற்கிறேன். இடுப்பு எங்கேயும் போய்விடவில்லை. சினைப்பை இரண்டும் நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள் என்று முன்னாலேயே சொல்லியிருந்தேன், விட்டுவிட்டார்கள்.

எனக்கு அது சரியாக இருந்தது. உனக்கும் அதுதான் சரியா என்று உன் ரிப்போர்ட்டை முழுசாகப் பார்த்தவர்கள்தான் சொல்லணும்.

சிஸ்டர்_மதுரை | செவ்வாய், காலை 6:10

செல்விம்மா, நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனைப் பெண்கள் வார்டில் 27 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைக் கேட்கிறேன். ரிப்போர்ட்டில் 6.1 x 5.4 என்பதற்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? அதில் மூன்று சொற்களில் ஒன்று இருக்கும். சப்மியூகோசல் என்றால் கட்டி கர்ப்பப்பையின் உட்குழிக்குள் துருத்திக்கொண்டு இருக்கிறது. இன்ட்ராமியூரல் என்றால் சுவரின் சதைக்குள்ளேயே இருக்கிறது. சப்சீரோசல் என்றால் வெளிப்புறமாக வளர்ந்திருக்கிறது. பலாக்காய் சுளைக்குள் கொட்டை, தோலுக்குள் கொட்டை, தோலுக்கு வெளியே ஒட்டிய கொட்டை என்று வார்டில் சொல்லிக்கொடுப்பேன்.

அளவைக் கேட்டுத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அளவைவிட இடம்தான் முக்கியம். உட்குழிக்குள் இரண்டு சென்டிமீட்டர் இருந்தாலே குடம் குடமாகப் போக வைக்கும். வெளியே எட்டு சென்டிமீட்டர் இருந்தும் தெரியாமலே பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது வயதுக்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஏதாவது ஒரு ஃபைப்ராய்டு இருக்கும், நிறையப் பேருக்கு அது தொந்தரவே தருவதில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு தானாகச் சுருங்கவும் செய்யும். அதனால், ஸ்கேனில் கட்டி இருக்கிறது என்பது மட்டுமே வெட்டுவதற்குக் காரணம் ஆகாது. அது என்ன தொல்லை தருகிறது, உனக்கு என்ன வேண்டும், எங்கே இருக்கிறது, இந்த மூன்றையும் சேர்த்துத்தான் முடிவு.

அப்புறம் 7.4 ஹீமோகுளோபினோடு அவசரமில்லாத ஆபரேஷனுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ரத்தத்தை ஏற்றிக்கொண்டு போவதற்கு வழி இருக்கிறது. ரிப்போர்ட்டை எழுது.

தாமிரபரணி_செல்வி | செவ்வாய், மதியம் 1:30

சிஸ்டர், பார்த்தேன். "பின்சுவர், சப்சீரோசல்" என்று இருக்கிறது. கர்ப்பப்பை உள்சவ்வு 14 மி.மீ. என்றும் இருக்கிறது. வயிற்றின் மேல் ஜெல் தடவித்தான் ஸ்கேன் எடுத்தார்கள், வேறு எதுவும் செய்யவில்லை.

இன்னொன்று, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஐந்தாறு மாதமாகப் பச்சரிசி மேல் ஒரு வெறி. டப்பாவைத் திறந்து பிடி பிடியாக மென்றுகொண்டே இருக்கிறேன். தைத்துக்கொண்டிருக்கும்போதும் மடியில் ஒரு கிண்ணம். மகள் திட்டுகிறாள்.

சிஸ்டர்_மதுரை | செவ்வாய், மாலை 5:45

சம்பந்தம் இருக்கிறதம்மா. பச்சரிசி, சாம்பல், சாக்பீஸ், ஐஸ்கட்டி, இதையெல்லாம் திங்கத் தோன்றினால் பெரும்பாலும் உடம்பில் இரும்பு வறண்டுவிட்டது என்று அர்த்தம். கெட்ட பழக்கம் என்று திட்டு வாங்க வேண்டிய விஷயமே இல்லை. இரும்பு ஏற ஏறத் தானாகப் போய்விடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். வெளிப்புறமாக வளர்ந்த கட்டி பொதுவாக இவ்வளவு ரத்தப்போக்கைத் தராது. அழுத்தும், பாரமாக இருக்கும், அவ்வளவுதான். அப்படியானால் உனக்கு ரத்தம் எங்கிருந்து போகிறது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. உள்ளே சின்னதாக வேறு கட்டி இருக்கலாம், பாலிப் என்ற சதை வளர்ச்சி இருக்கலாம், உள்சவ்வு தடித்திருக்கலாம், தைராய்டு இருக்கலாம். வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேனில் உட்குழிக்குள் இருக்கும் சின்னக் கட்டி தவறிப்போகும். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் டிவிஎஸ் ஸ்கேன் வேண்டும். சந்தேகம் இருந்தால் உப்புநீர் செலுத்தி எடுக்கும் ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டும்.

நாற்பது தாண்டிய பெண்ணுக்கு அதிக ரத்தப்போக்கு என்றால் உள்சவ்விலிருந்து துளி சதை எடுத்துப் பயாப்ஸி பார்ப்பது வழக்கம். 14 மி.மீ. என்பது மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் சாதாரணமாகவும் இருக்கலாம், பயந்துவிடாதே. ஆனால் பார்க்காமல் விடக்கூடாது. கர்ப்பப்பையை எடுப்பதாக இருந்தாலும் எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.

ஆகவே வியாழக்கிழமையைத் தள்ளிப்போடு. வேறு ஒரு மகப்பேறு மருத்துவரிடம், முடிந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஸ்கேன் படத்தோடு போ.

இப்போதைக்கு ரத்தத்தைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை உண்டு. ரத்தம் போகும் நாட்களில் மட்டும், அதிகபட்சம் நாலைந்து நாள். இது ஹார்மோன் இல்லை, கட்டியைக் கரைக்காது, போக்கைக் குறைக்கும். காலில் ரத்தக்கட்டு வந்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. இரும்புக்கு, 7.4-ல் மாத்திரை மட்டும் போதாது, நரம்பு வழியாக ஊசி போடச் சொல்லிக் கேள். அயர்ன் சுக்ரோஸ் என்றால் நாள் விட்டு நாள் நாலைந்து தடவை போக வேண்டும். கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் ஒரே தடவையில் 1000 மில்லிகிராம் வரை ஏற்றலாம். மாத்திரை சாப்பிடும்போது டீ, காபியைத் தள்ளி வை. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொள்.

மூலிகைநேசன் | செவ்வாய், இரவு 8:05

அறுவை சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள். கழற்சிக்காய்ப் பருப்பும் மிளகும் சேர்த்த சூரணம், அசோகப்பட்டைக் கஷாயம், மலைவேம்புச் சாறு, இவற்றால் கர்ப்பப்பைக் கட்டி கரையும் என்று எங்கள் தாத்தா காலத்திலிருந்து கொடுத்து வருகிறோம். ஆறு மாதம் பொறுமையாக எடுத்தால் பலன் தெரியும்.

வெண்பா_88 | செவ்வாய், இரவு 9:15

ஐயா, உங்கள் நல்லெண்ணத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த இடத்தில் நான் பேசியே ஆகவேண்டும்.

எனக்கு 29 வயதில் ஃபைப்ராய்டு தெரிந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. கத்தி வைத்தால் கர்ப்பப்பை போய்விடும் என்ற பயத்தில் பதினான்கு மாதம் கஷாயமும் சூரணமும் எடுத்தேன். ஐந்து சென்டிமீட்டர் ஒன்பதாகியது. ஒருநாள் கோவையில் அலுவலகப் படிக்கட்டில் மயங்கி விழுந்தேன். ஹீமோகுளோபின் 5.8. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிய பிறகுதான் எழுந்து உட்கார முடிந்தது.

அப்புறம் மயோமெக்டமி செய்தேன். அதாவது கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையைத் தைத்து விடுவது. என் கட்டி சுவரின் ஆழத்தில் இருந்ததால் சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வேண்டாம், வயிற்றைத் திறந்து செய்து சுவரை அடுக்கடுக்காகக் கையால் தைப்பதுதான் பின்னால் கர்ப்பத்துக்குப் பாதுகாப்பு என்று என் டாக்டர் சொன்னார். ஆறு மாதம் கழித்து முயற்சி செய்யச் சொன்னார். இப்போது மகனுக்கு நாலு வயது. சுவரில் ஆழமான தழும்பு இருந்ததால் பிரசவ வலி வர விடாமல் சிசேரியன் செய்தார்கள், வலியில் தழும்பு விட்டுப்போகும் ஆபத்து உண்டு என்பதால்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். மயோமெக்டமி செய்தால் திரும்ப வராது என்று இல்லை. எனக்கு மறுபடி 1.5 செ.மீ.-ல் ஒன்று முளைத்திருக்கிறது. வருடம் ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதே சமயம், கட்டியை மட்டும் எடுப்பதாக உள்ளே போய் ரத்தம் நிற்காமல் போனால் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம் என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கினார்கள். அபூர்வம்தான், ஆனால் அந்தப் பேச்சு முன்னாலேயே நடக்க வேண்டும்.

செல்வி அக்கா, நீங்கள் குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்தவர் என்பதற்காகவே உங்கள் கர்ப்பப்பை வேண்டாத பொருள் ஆகிவிடாது. அந்த டாக்டர் கேட்ட "இனி எதுக்கு" என்ற சொல் எனக்கே வலித்தது.

மூலிகைநேசன் | செவ்வாய், இரவு 10:00

வெண்பா தங்கச்சி, படித்து மனம் கனத்துவிட்டது. 5.8 வரை யாரும் ரத்தப் பரிசோதனை செய்யாமல் மருந்து கொடுத்தது தவறு. நானும் இனி கேட்பவர்களிடம் முதலில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் என்றுதான் சொல்வேன். செல்வியம்மா, உங்கள் 7.4-க்கு என் யோசனையை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மயிலை_கதிர் | புதன், காலை 7:30

என் மனைவிக்காகப் படிக்க ஆரம்பித்து நானே பாதி டாக்டர் ஆன மாதிரி ஆகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். அவளுக்கு 44. சுவரில் 7 செ.மீ. கட்டி. ஆபரேஷன் பயம், மயக்க மருந்து பயம். எம்போலைசேஷன் செய்தோம், சென்னையில்.

இதைச் செய்வது மகப்பேறு மருத்துவர் இல்லை, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட், அதாவது எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே குழாய் வழியாகச் சிகிச்சை செய்பவர். மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு, கர்ப்பப்பைக்குப் போகும் தமனி வரை கொண்டுபோய், அரை மில்லிமீட்டர் அளவுள்ள நுண்மணிகளை விட்டு அடைப்பார்கள். கட்டிக்கு ரத்தம் போகாமல் அது வாடிச் சுருங்கும். 1995-ல் பாரிஸில் ராவினா என்ற மருத்துவரின் குழு இதைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. கதை சுவாரசியமானது: ஆபரேஷனில் ரத்தம் குறையட்டும் என்று முன்னேற்பாடாகத்தான் குழாயை அடைத்தார்கள். அடைத்த பிறகு பல பெண்கள் தொல்லை தீர்ந்துவிட்டது, ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் அனுபவம்: முதல் இரவு வலி கடுமை. "பிரசவ வலி மாதிரி இருக்கிறது" என்றாள். மார்ஃபின் பம்ப் வைத்திருந்தார்கள், இருந்தும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். நாலு நாள் லேசான காய்ச்சல், பத்தாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். ஆறாம் மாத எம்ஆர்ஐ-யில் கட்டி பாதியாகிவிட்டது. ரத்தப்போக்கு மூன்றாம் மாதத்திலேயே குறைந்தது. செலவு ஒன்றரை லட்சம் தாண்டியது.

நல்லதை மட்டும் சொல்லக்கூடாது. பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் செய்த ஆய்வுகளைப் பார்த்தால், எம்போலைசேஷன் செய்தவர்களில் நாலில் ஒருவருக்கோ மூன்றில் ஒருவருக்கோ ஐந்து வருடத்துக்குள் மறுபடியும் ஏதாவது சிகிச்சை தேவைப்பட்டிருக்கிறது. 2020-ல் வந்த ஃபெம்மி என்ற பிரிட்டிஷ் ஆய்வில், இரண்டு வருடம் கழித்து வாழ்க்கைத்தரத்தை அளந்தபோது மயோமெக்டமி செய்தவர்கள் கொஞ்சம் மேலாக இருந்தார்கள். இரண்டு பக்கமும் நல்ல முன்னேற்றம்தான், ஆனால் வித்தியாசம் இருந்தது. குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இதை முதல் வழியாகப் பொதுவாகச் சொல்வதில்லை. இதெல்லாம் தெரிந்தே நாங்கள் தேர்ந்தெடுத்தோம், வருத்தமில்லை.

இளவேனில் | புதன், காலை 9:10

எனக்கும் இன்ட்ராமியூரல் 4 செ.மீ. தொல்லை ஒன்றும் இல்லை, வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது தெரிந்தது. இது கேன்சராக மாறுமா என்று நினைத்து மூன்று நாளாகத் தூக்கமில்லை.

சிஸ்டர்_மதுரை | புதன், காலை 11:40

இளவேனில், ஃபைப்ராய்டு என்பது தசை முடிச்சு, புற்று இல்லை. அது புற்றாக மாறுவது மிக மிக அபூர்வம். ஃபைப்ராய்டு என்று நினைத்து ஆபரேஷன் செய்தவர்களில் ஒரு சிலருக்குத்தான் ஏற்கெனவே சார்கோமா என்ற வேறு வகைப் புற்றுக்கட்டி இருந்தது தெரிய வருகிறது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2014-ல் போட்ட கணக்கு ஏறக்குறைய 350 பேரில் ஒருவர். அதனால்தான் லேப்ராஸ்கோப்பியில் கட்டியை உள்ளேயே மின்கருவியால் பொடியாக்கி எடுப்பதை எச்சரித்தார்கள். பை போட்டு அதற்குள் வைத்து எடுப்பது அதற்கு அப்புறம் வந்த பழக்கம்.

மாதவிலக்கு நின்ற பிறகும் கட்டி வளர்ந்தால், நின்ற பிறகு ரத்தம் பட்டால், உடனே பார்க்க வேண்டும். உனக்கு 4 செ.மீ., தொல்லை இல்லை. ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன், அவ்வளவே. தூங்கும்மா.

வன்னியாள் | புதன், மாலை 4:20

லண்டனிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 39 வயது, கருப்பையில் பல கட்டிகள், பெரியது 8 செ.மீ. இங்கே சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்புப் பட்டியல் நீளம். இடையில் வைத்தியர் ரையெகோ என்ற குளிசை தந்தார். ரெலுகோலிக்ஸ் என்ற மருந்தோடு சிறிய அளவில் ஈஸ்ட்ரஜனும் புரொஜஸ்டோஜனும் சேர்ந்தது, தினம் ஒன்று. சினைப்பை ஹோர்மோன் சுரப்பதைக் குறைக்கிறது. சேர்த்திருக்கும் சிறிய அளவு ஹோர்மோன் எலும்பைக் காக்கவும் உடம்புச் சூட்டைத் தணிக்கவும். 2022-ல் இங்கே அரச வைத்தியசாலைகளில் எந்தச் சிகிச்சை தரலாம் என்று வழிகாட்டும் நைஸ் அமைப்பு இதைப் பரிந்துரைத்தது.

எனக்கு இரண்டாம் மாதமே இரத்தம் பாதிக்கு மேல் குறைந்தது. ஐந்து வருடத்துக்குப் பிறகு வெள்ளைச் சட்டை போட்டு வேலைக்குப் போனேன். ஆனால் ஒரு வருடம் ஆனதும் எலும்பு அடர்த்தி ஸ்கான் எடுத்தார்கள். நிறுத்தினால் கட்டி பழையபடி வளரும் என்றும் சொல்லிவிட்டார்கள். ஒற்றைத் தலைவலியோடு கண்ணில் மின்னல் தெரிபவர்களுக்கும் இரத்தக்கட்டி வந்தவர்களுக்கும் தர மாட்டார்கள்.

முன்பு எஸ்மியா என்ற குளிசை நன்றாக வேலை செய்தது என்று என் அக்கா சொல்வார். ஈரல் பாதிப்பு வந்ததால் 2020-ல் ஐரோப்பாவில் நிறுத்திவைத்து, பிறகு கடும் கட்டுப்பாட்டோடுதான் அனுமதித்தார்கள்.

சிஸ்டர்_மதுரை | புதன், இரவு 7:00

வன்னியாள் சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். செல்வி கேட்ட "மாத்திரையில் கரையாதா" என்பதற்குப் பதில்: நிரந்தரமாகக் கரைக்கும் மாத்திரை இன்றைக்கு இல்லை. சுருக்கும், நிறுத்தினால் வளரும்.

நம் ஊரில் ஆபரேஷனுக்கு முன்னால் கட்டியைச் சுருக்கி ரத்தத்தைச் சேர்க்க மாதம் ஒரு லுப்ரோலைடு ஊசி, மூன்று மாதம் போடுவதுண்டு. மாதவிலக்கு நின்ற பெண் மாதிரி ஆகிவிடும்: முகத்தில் சூடு, ராத்திரி வியர்வை. ஆறு மாதத்துக்கு மேல் எலும்புக்கு நல்லதில்லை. மிஃபெப்ரிஸ்டோன் குறைந்த அளவில் மூன்று மாதம் கொடுப்பவர்களும் உண்டு, ஆனால் அதில் உள்சவ்வு தடிக்கும், டாக்டர் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும்.

சென்ட்குரோமன் என்று ஒன்று இருக்கிறது. ஹார்மோன் இல்லாத கருத்தடை மாத்திரை, சஹேலி என்று சொன்னால் தெரியும். லக்னோவில் இருக்கும் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது, நம் நாட்டுச் சரக்கு. அதிக ரத்தப்போக்குக்கு வாரம் இரண்டு மாத்திரை என்று மூன்று மாதம், அப்புறம் வாரம் ஒன்று என்று கொடுக்கிறார்கள். என் தங்கைக்கு நன்றாகக் கேட்டது.

மிரெனா பற்றி யாருமே எழுதவில்லையே. காப்பர் டி மாதிரி உள்ளே வைப்பது, ஆனால் லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் துளித்துளியாகக் கசியும். உட்குழி கோணாமல் இருந்தால் ஆபரேஷன் வரை போகாமல் தப்பித்த பெண்களை நான் எண்ணியே பார்க்க முடியாது. முதல் நாலைந்து மாதம் பொட்டுப் பொட்டாகப் பட்டுக்கொண்டே இருக்கும். அது தெரியாமல் இரண்டாம் மாதமே பிடுங்கிப் போட்டவர்கள் அதிகம். உள்ளே கட்டி துருத்திக்கொண்டிருந்தால் நிற்காமல் வெளியே வந்துவிடும்.

மீனாட்சி_வக்கீல் | புதன், இரவு 9:30

இதை மருத்துவமாக அல்ல, உரிமையாகச் சொல்கிறேன். 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது: பரிசோதனைக்காக வாங்கிய சம்மதத்தை வைத்துக்கொண்டு, மயக்கத்தில் இருக்கும் பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுக்க முடியாது. உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிர. கூட வந்த அம்மா தலையாட்டினார் என்பதும் சம்மதம் ஆகாது. சம்மதம் அந்தப் பெண்ணுடையது.

தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பது பற்றிய பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம், மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தேசிய குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குள் சுமார் 3 சதவீதப் பெண்கள் கர்ப்பப்பையை இழந்திருக்கிறார்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் அது இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில்.

செல்வி, எதில் கையெழுத்துப் போட்டாலும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். "கர்ப்பப்பை மட்டுமா, சினைப்பையுமா" என்று கேட்டுப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 43 வயதில் காரணமில்லாமல் சினைப்பையையும் எடுத்தால் மறுநாளே மாதவிலக்கு நின்ற உடம்பு. எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும்.

தாமிரபரணி_செல்வி | அடுத்த வாரம், சனி, இரவு 8:40

எல்லோருக்கும் நன்றி சொல்ல வார்த்தை இல்லை. வியாழக்கிழமை ஆபரேஷனுக்குப் போகவில்லை. மாமியாருக்குக் கோபம். நீங்கள் எழுதியதை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன், அவர் என் பக்கம் நின்றார்.

அரசு மருத்துவமனைக்குப் போனோம். ஒரு பெண் டாக்டர், அரைமணி நேரம் கேட்டார். டிவிஎஸ் ஸ்கேன், அப்புறம் உப்புநீர் ஸ்கேன். சிஸ்டர் சொன்னபடியே உட்குழிக்குள் 2.2 செ.மீ.-ல் இன்னொரு கட்டி தொங்கிக்கொண்டிருக்கிறது! முதல் ரிப்போர்ட்டில் அது இல்லவே இல்லை. "ரத்தம் போவது இதனால்தான், வெளியே இருக்கும் பெரிசு பாவம், ஒன்றும் செய்யவில்லை" என்றார் டாக்டர். பயாப்ஸி எடுத்திருக்கிறார்கள். இரும்பு ஊசி ஆரம்பித்துவிட்டது.

ஹிஸ்டிரோஸ்கோப்பி, அதாவது பிறப்புறுப்பு வழியாகக் கேமராவை உள்ளே விட்டு, அதை மட்டும் எடுக்கலாம், வயிற்றில் வெட்டு இல்லை, ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டியதும் தேதி என்று சொன்னார்கள்.

கொங்கு_மலர் | சனி, இரவு 9:00

கண்ணு, படித்ததும் என் வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன். என் கதை வேறு, உன் கதை வேறு. நல்லதாப் போச்சு.

தாமிரபரணி_செல்வி | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6:15

பயாப்ஸியில் கெட்டது ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை எடுத்துவிட்டார்கள். காலையில் போய் சாயங்காலம் வீடு. உள்ளே கேமராவும் கம்பி வளையமும் விட்டுச் சீவிச் சீவி எடுத்தார்களாம். பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள், தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளையாக, துண்டு துண்டாக. ஒன்றரை வருடமாக என்னைப் படுத்தியது இதுதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே இருக்கும் பெரியதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனில் பார்த்தால் போதும், வளர்ந்தால் யோசிப்போம் என்றார்கள்.

சிஸ்டர், மிஷின் எப்போது மிதிக்கலாம்? பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் இருபத்தெட்டு செட் கிடக்கிறது. இரும்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா? இப்போது 10.9.

சிஸ்டர்_மதுரை | ஞாயிறு, இரவு 7:50

வயிற்றில் தையல் இல்லாததால் மிஷின் இப்போதே மிதிக்கலாம், அசதி இருந்தால் நிறுத்து. இரண்டு வாரம் தாம்பத்யம் வேண்டாம், குளத்தில் இறங்கிக் குளிக்க வேண்டாம். லேசாக ரத்தம் படுவது சகஜம். காய்ச்சல், துர்நாற்றம், கட்டியாகப் போவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே போ.

மாத்திரையை நிறுத்தாதே. ஹீமோகுளோபின் 12-க்கு மேல் வந்த பிறகும் மூன்று மாதம் எடுக்க வேண்டும், உடம்பின் சேமிப்பு நிரம்ப அவ்வளவு நாளாகும். அடுத்த இரண்டு மாதவிலக்கு எப்படி இருக்கிறது, எத்தனை நாப்கின் என்று காலண்டரில் குறித்து வை. அந்த டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு.

பச்சரிசி என்ன ஆச்சு?

தாமிரபரணி_செல்வி | ஞாயிறு, இரவு 8:05

நேற்று கொழுக்கட்டைக்குப் பச்சரிசி ஊறவைத்தேன் சிஸ்டர். களைந்து, வடித்து, துணியில் உலர்த்திவிட்டு அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, ஒரு பிடி கூட வாயில் போடவில்லை.